பூட்டிய காருக்குள் மூன்று கன மீட்டர் காற்று

ஆடிப்பெருக்கன்று முசிறியின் காவிரிக் கரைக்கு வருகிறவர்கள் நிழல் பார்த்துக் காரை நிறுத்துவார்கள். ஆற்றில் குளித்து, காதோலை கருகமணி வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகிவிடும். குணசீலத்தில் பெருமாளைச் சேவிக்க இறங்குகிறவர்களுக்கும், ஸ்ரீரங்கத்தில் தரிசன வரிசையில் நிற்பவர்களுக்கும் இதே நிலைதான். கூட வந்த நாயைக் கோயிலுக்குள் அழைத்துப் போக முடியாது. “பத்து நிமிஷத்துல வந்துடுவோம்” என்று அதன் தலையைத் தடவிவிட்டு, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்துக் கதவைப் பூட்டுகிறார்கள். பெரும்பாலும் இவர்கள் நாயின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். வீட்டில் தனியே விட மனமில்லாமல்தான் கூட்டி வந்திருப்பார்கள். கதவு பூட்டிய நொடியிலிருந்து அந்தக் காருக்குள் நடப்பது இயற்பியலும் உடலியலும் பின்னிய கதை. காருக்கு வெளியே நின்று பார்ப்பவர்களின் மனத்தில் நடப்பது அதைவிடச் சிக்கலானது.

2023 ஜூலையில் ஆக்ராவில் அப்படி ஒன்று நடந்தது. தாஜ்மகாலைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் நாயைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனது. மேற்கு வாயில் வாகன நிறுத்தத்தில் அந்த நாய் காருக்குள்ளேயே இறந்துபோனது. மூச்சுத்திணறி இறந்ததாகவே செய்திகள் வந்தன. நம்மில் பெரும்பாலோர் நினைப்பதும் அதுதான்: அடைத்த காரில் காற்று தீர்ந்துவிடும், கொஞ்சம் கண்ணாடியை இறக்கி வைத்தால் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது.

சிறிய காரின் உள்ளே ஏறக்குறைய 3 கன மீட்டர் காற்று இருக்கிறது. அதாவது 3000 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்றால் 600 லிட்டர். 20 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருக்கும்போது மணிக்குச் சுமார் 10 லிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கும். இரைக்கும்போது சற்றுக் கூடும். காரின் இடுக்குகள் வழியே புதுக்காற்றும் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஆக்சிஜன் குறைந்து நாய் சாகப் பல மணி நேரம் பிடிக்கும். கோடை நண்பகலில் அதற்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. கொல்வது வெப்பம்.

அந்த வெப்பம் வரும் வேகம்தான் முதல் வியப்பு. முசிறி நிலநடுக்கோட்டுக்கு 11 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் இங்கே சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அப்படிப்பட்ட தெளிந்த நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. மோட்டார் வாகன விதிப்படி காரின் முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட்டாக வேண்டும். எல்லாக் கண்ணாடிகளும் சேர்ந்து உள்ளே விடும் வெயிலைத் தோராயமாக 1000 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் போட்டுக் காருக்குள் வைத்துவிட்டுப் போவதற்கு இது சமம்.

இனி, சூடாக வேண்டிய காற்றின் எடையைப் பாருங்கள். 3 கன மீட்டர் காற்று மூன்றரைக் கிலோதான் இருக்கும். அதை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 3500 ஜூல் ஆற்றல் போதும். 1000 வாட் வெயில் அதை மூன்றரை நொடியில் கொடுத்துவிடும். வந்த வெயில் முழுவதும் காற்றுக்கே போனால் நிமிடத்துக்கு 17 டிகிரி ஏறும். அவ்வளவு வேகமாக ஏறாமல் தடுப்பவை இருக்கைகளும் டேஷ்போர்டும் தரைவிரிப்பும். வெயிலை முதலில் வாங்கிக்கொள்பவை அவைதான். வாங்கியதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குத் திருப்பித் தருகின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரின் கடும் கோடையில் ஆய்வாளர்கள் கார்களை நிறுத்தி அளந்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, ஸ்டியரிங் 53, இருக்கை 51, காற்று 47. இந்தக் காரை அப்புறம் நிழலுக்கு நகர்த்தினாலும் டேஷ்போர்டு தன் சூட்டை உள்ளேதான் உமிழும்.

சூடான காற்று ஏன் வெளியேறுவதில்லை? பள்ளிப் பாடம் ஒரு விடை சொல்லும். கண்ணாடி வெயிலை உள்ளே விடுகிறது. உள்ளே சூடான பொருள்கள் வெளிவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது வெளியே விடுவதில்லை. உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. 1909இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்றை மூடியது கண்ணாடி. மற்றதை மூடியது பாறை உப்புத் தகடு; அகச்சிவப்புக் கதிர் அதன் வழியே தடையின்றிப் போய்வரும். வெயிலில் வைத்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. கதிர் தப்பிக்க வழி திறந்திருந்தும் பயனில்லை. சூடான காற்று மேலே எழுந்து போக, அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வருவதை வெப்பச்சலனம் என்கிறோம். அது நின்றுபோனதுதான் பெட்டி சூடானதற்கு முதல் காரணம் என்று வுட் காட்டினார். அசையாத காற்றுதான் காருக்குள் இருக்கும் பொறி.

இதிலிருந்து இன்னொரு விளைவு பிறக்கிறது. மலைவாசத்தலங்களுக்கு நாயோடு போகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. வுட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1767 வாக்கில், ஸ்விட்சர்லாந்தின் ஓரஸ் பெனடிக்ட் டி சோசூர் கண்ணாடி அடுக்கிய பெட்டிகளை வெயிலில் வைத்து, தண்ணீர் கொதிக்கும் நிலையையும் தாண்டிய சூட்டை எட்டினார். அதே மாதிரிப் பெட்டியைக் குளிரடிக்கும் மலைக்குத் தூக்கிப் போனபோதும் உள்ளே சூடு பெரிதாகக் குறையவில்லை. வெளிக்காற்று குளிராக இருந்தாலும் அடைத்த பெட்டிக்குள் வெயில் வெயில்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் “இங்கேதான் ஜில்லுனு இருக்கே” என்று பூட்டிவிட்டுப் போகும் காருக்கும் இது பொருந்தும்.

2005இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு இதைக் காரிலேயே உறுதி செய்தது. வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த பதினாறு தெளிந்த நாள்களில் அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை முழுக்க ஏற்றியபோது ஐந்து நிமிடத்துக்கு 1.9 டிகிரி, சுமார் நான்கு சென்டிமீட்டர் இறக்கி வைத்தபோது 1.7 டிகிரி. நாம் நம்பி இறக்கி வைக்கும் இரண்டு விரற்கடையின் பயன் இவ்வளவுதான். மேலே ஒரு சிறு பிளவு இருந்து, கீழே காற்று நுழைய வழி இல்லையென்றால் சலனம் தொடங்காது. காரின் நிறம் ஓரளவு உதவும்: கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகம் கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் அருகருகே நிறுத்தி அளந்தபோது, வெள்ளிக் காரின் உட்காற்று ஐந்தாறு டிகிரி குறைவாக இருந்தது. ஐம்பது டிகிரியை நோக்கிப் போகும் இடத்தில் அந்த ஐந்தாறு டிகிரி காப்பாற்றப் போதாது.

மர நிழல்? டெம்பியில் நிழலில் நின்ற கார்களின் காற்று ஒரு மணி நேரத்தில் 38 டிகிரியைத் தொட்டது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், நிறுத்தும்போது இருந்த புளியமர நிழல் திரும்பி வரும்போது அங்கேயே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. அந்த 38 என்ற எண்ணைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38இலிருந்து 39க்குச் சற்று மேல் வரைதான் இருக்கும்.

சுற்றியுள்ள காற்று உடலின் சூட்டை எட்டிவிட்டால், உடலிலிருந்து வெப்பம் தானாக வெளியே வழிவது நின்றுவிடும். நாயின் உடலோ ஓய்விலும் 40, 50 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியேற்ற மிச்சமிருப்பது ஒரே வழி, நீரை ஆவியாக்குவது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். நாம் உடல் முழுக்க வியர்த்து இதைச் செய்கிறோம். நாய்க்குக் குளிர்ச்சி தரும் வியர்வை பாதத்தின் மெத்தைகளில் மட்டுமே சுரக்கிறது. ஆகவே அது தன் மூக்கையும் வாயையும் குளிர்விக்கும் எந்திரமாக மாற்றிக்கொண்டது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதைத் தினமும் பார்க்கிறோம். அதற்குள் இருக்கும் நுட்பம் அசரவைப்பது.

நாயின் மூக்குக்குள் சுருள் சுருளாக மடிந்த மெல்லிய எலும்புத் தகடுகள், ஈரச் சவ்வு போர்த்து, சிறிய இடத்தில் பெரிய பரப்பை உண்டாக்குகின்றன. 1970இல் நட் ஷ்மிட் நீல்சன் என்ற உடலியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இரைக்கும் நாயின் காற்றோட்டத்தை அளந்தார்கள். நல்ல சூட்டில் காற்று மூக்கு வழியாக உள்ளே போய் வாய் வழியாக வெளியே வருகிறது. வந்த வழியே மூக்கால் வெளியேறினால், ஈரமும் வெப்பமும் குளிர்ந்த சவ்வில் மறுபடி படிந்து உடலுக்கே திரும்பிவிடும். ஒருவழிப் பாதை அதைத் தடுக்கிறது. சவ்வு வறண்டுபோகாமல் பார்த்துக்கொள்ள மூக்கின் இரு பக்கமும் ஒரு சுரப்பி இருக்கிறது. சூடு ஏற ஏற அது கூடுதலாக நீர் சுரந்து தகடுகளை நனைப்பதாக 1972இல் அதே துறையினர் கண்டறிந்தார்கள்.

இரைப்பின் வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சாதாரணமாக நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை மூச்சுவிடும் நாய், சூட்டில் சட்டென்று முந்நூறுக்கு மேல் தாவிவிடுகிறது. மார்புக்கூடும் நுரையீரலும் சேர்ந்த அமைப்புக்கு இயல்பான ஓர் அதிர்வு வேகம் இருக்கிறது. தட்டிவிட்டால் அந்த வேகத்தில் தானாகவே அதிரும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அது நொடிக்கு ஐந்து முறை என்று 1962இல் அளந்தார்கள். நாய் இரைப்பதும் அதே வேகத்தில்தான். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் தசைகளுக்கு உழைப்பு மிகக் குறைவு. பிடிக்காமல் அதே வேகத்தில் இரைத்தால், தசைகள் உண்டாக்கும் வெப்பமே ஆவியாதல் எடுத்துப்போகும் குளிர்ச்சியை விழுங்கிவிடும். போதாததற்கு, மூக்கில் குளிர்ந்த இரத்தம் மூளைக்குப் போகும் தமனியை ஒட்டி ஓடி, ஓடும் நாயின் மூளையை உடலைவிடக் குளிர்ச்சியாக வைக்கிறது. இவ்வளவு அருமையான ஏற்பாடு.

இந்த ஏற்பாடு கேட்பது ஒன்றே ஒன்று: ஈரத்தை வாங்கிக்கொள்ள ஓடும் காற்று. காரில் இல்லாததும் அதுதான். வாழைத் தோட்டங்களும் வாய்க்கால்களும் சூழ்ந்த முசிறிக் காற்றில் ஆடி மாதத்தில் கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருப்பது சாதாரணம். நாயின் வாயிலிருந்து வரும் காற்று 39 டிகிரியில் முழு ஈரத்தோடு வருவதால் அதில் 48 கிராம் வரை இருக்கும். வித்தியாசத்தை மூன்று கன மீட்டரால் பெருக்கினால் 80 மில்லி தண்ணீர். கசிவைக் கணக்கில் எடுக்காத தோராயம் இது. ஆனாலும் நாய் அவ்வளவு நீரை ஆவியாக்கியதும் காருக்குள் இருக்கும் காற்று, அதன் மூச்சைப் போலவே ஈரமாகிவிடும். அதற்குமேல் எவ்வளவு இரைத்தாலும் குளிராது. தன்னைக் காக்கும் ஒவ்வொரு மூச்சாலும் நாய் தன் காற்றையே கெடுத்துக்கொள்கிறது. இதைப் படித்துவிட்டு எவராலும் “பத்து நிமிஷம்தானே” என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

உடல் 41 டிகிரியைத் தாண்டும்போது வெப்பத்தாக்கு தொடங்குகிறது. குடலின் உட்சுவர் பழுதாகி நஞ்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தம் உறையும் ஒழுங்கு குலைகிறது. சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. 2016இல் பிரிட்டனில் மருத்துவம் பெற்ற ஒன்பது லட்சம் நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வெப்பநோய் கண்டவற்றில் ஏழில் ஒன்று இறந்ததைக் கண்டார்கள். சப்பை மூக்கு இனங்களுக்கு ஆபத்து இருமடங்கு. 2003இன் ஹட்ச் கைப்பேசி நிறுவன விளம்பரத்துக்குப் பிறகு நம் வீடுகளில் பெருகிய பக் நாய் அந்த வகைதான். அதன் முகத்தைச் சப்பையாக்கிய மனிதர்கள் மூக்குச் சுருள்களுக்கு இடமே வைக்கவில்லை. மூச்சுக்குழலின் நெருக்கடியால் அது இரைக்கவே உழைக்க வேண்டும். அந்த உழைப்பே வெப்பமாகிறது. நீண்ட முகமுள்ள நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இந்த ஒரு விஷயத்தில் கொடுத்துவைத்தவை. பூட்டிய காரில் அவற்றுக்கும் கிடைப்பது சில நிமிடச் சலுகைதான்.

இப்போது காருக்கு வெளியே வருவோம். வாகன நிறுத்தத்தில் நூறு பேர் நடமாடுகிறார்கள். சிலர் கண்ணாடி வழியே நாயைப் பார்க்கிறார்கள். “பாருடா, சிரிக்குது” என்கிறது ஒரு குழந்தை. இரைக்கும் நாயின் முகம் நமக்குச் சிரிப்பாகத் தெரிவது எவ்வளவு பெரிய தப்புத் தகவல்! ஒருவர் நின்று தயங்குகிறார், சுற்றிப் பார்க்கிறார். மற்றவர்கள் பதறாமல் போகிறார்கள். பதற்றப்பட ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று அவரும் நகர்கிறார். அவரைப் பார்த்த அடுத்தவரும் அதையே முடிவு செய்கிறார்.

இதை 1968இல் நியூயார்க்கில் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் சோதித்தார்கள். ஒருவர் உட்கார்ந்து படிவம் நிரப்பும் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாதது போல் நடிக்கும் இருவரைக் கூட உட்கார வைத்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கியபடி புகைக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு காரணத்தையும் அவர்கள் கண்டார்கள்: நூறு பேர் இருந்தால் ஒவ்வொருவர் மனத்திலும் கடமை நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இதைப் பொறுப்புப் பரவல் என்கிறார்கள்.

மனிதர்கள் கல்நெஞ்சர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராப் பதிவுகளில் இருந்த 219 தெருச் சச்சரவுகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பது சச்சரவுகளில் அக்கம்பக்கத்தில் ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் கூடக் கூட யாரேனும் உதவும் வாய்ப்பும் கூடியது. சோதனைக்கூடத்துக்கும் தெருவுக்கும் ஏன் இந்த வேறுபாடு? தெருச் சண்டை ஆபத்து என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆபத்து தெளிவாகத் தெரியும்போது தயக்கம் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்கிறார்கள். காருக்குள் இருக்கும் நாயின் சிக்கல் அது சத்தமில்லாத ஆபத்தாக இருப்பது. சூடு ஏறியதும் நாய் இருக்கைக்குக் கீழே போய்ப் படுத்துவிடும், கண்ணில்கூடப் படாது.

இந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு 2019இல் டெஸ்லா நிறுவனம் தன் கார்களில் ஒரு வசதி வைத்தது. உரிமையாளர் போனபின்பும் ஏசி ஓடும்; உள்ளிருக்கும் பெரிய திரை, காருக்குள் எத்தனை டிகிரி என்பதையும் உரிமையாளர் சீக்கிரம் வந்துவிடுவார் என்பதையும் வழிப்போக்கருக்குக் காட்டும். எட்டிப் பார்ப்பவரின் சந்தேகத்துக்குக் கார் பதில் சொல்கிறது. சாதாரணக் காரில் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுப் போவதை இதோடு சேர்க்கக் கூடாது. இன்ஜின் நின்றால் நாய்க்கும் நமக்கும் தெரிவிக்க அங்கே எதுவும் இல்லை.

நம் ஊரில் இதைவிட எளிய கருவி ஒன்று இருக்கிறது: மைக். கோயில்களிலும் ஆடிப்பெருக்குக் கரையிலும் காணாமல்போன குழந்தையைத் தேட அறிவிக்கும் அதே ஒலிபெருக்கியில் கார் எண்ணைச் சொல்லி உரிமையாளரை அழைக்கச் சொல்லலாம். அதற்குள் 112இல் காவல்துறையைக் கூப்பிடலாம். பக்கத்தில் நிற்பவர்களிடம் பொதுவாகக் கத்துவதைவிட, “அண்ணே, நீங்க மைக் செட்டுக்குப் போய்ச் சொல்லுங்க, அக்கா, நீங்க தண்ணி கொண்டாங்க” என்று ஆளைச் சுட்டிச் சொன்னால் பரவிப்போன பொறுப்பு ஓர் இடத்தில் சேரும்.

நாய் தள்ளாடினாலோ, வாந்தியெடுத்தாலோ, கெட்டியான எச்சில் வழிய விழுந்து கிடந்தாலோ, இரைப்பதையே நிறுத்திவிட்டாலோ காத்திருக்க நேரமில்லை. இரைப்பு நின்றதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்திரம் தோற்றுவிட்டது என்று பொருள். முன்கண்ணாடியை உடைக்க முயல வேண்டாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அது விரிசல் விடுமே தவிர வழிவிடாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் வேறு வகை. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சட்டென்று குளிர்வித்திருப்பார்கள். வெளித்தோல் இறுகி அழுந்தியிருக்க, உள்நடு இழுபட்டு நிற்கும். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு உறுதி. உருண்டைக் கல்லால் நடுவில் ஓங்கி அடித்தாலும் வளைந்து கொடுத்துவிடக்கூடும். ஆனால் மூலையில் கூரான கடினப் பொருளால் ஒரு புள்ளியில் தோலைத் துளைத்துவிட்டால், அடைபட்டிருந்த இறுக்கம் முழுதும் ஒரே நொடியில் அவிழ்ந்து, கண்ணாடி சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். நாய்க்கு எட்டத்தில் இருக்கும் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும்.

உடைத்தால் வழக்கு வருமா என்பதுதான் பலரைத் தடுக்கும் கேள்வி. 2015இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், காருக்குள் தவிக்கும் விலங்கைக் காப்பாற்றக் கண்ணாடியை உடைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. பிறகு வேறு சில மாநிலங்களும் கொடுத்தன. கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், காவல்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும், உதவி வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பவை அந்தச் சட்டங்கள் வழக்கமாக வைக்கும் நிபந்தனைகள். நம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவு பொதுவாகச் சொல்வது: குற்ற நோக்கமின்றி, நல்லெண்ணத்தோடு, ஆளுக்கோ உடைமைக்கோ நேரும் வேறொரு தீங்கைத் தடுக்கச் செய்தது குற்றமாகாது. அந்தப் பாதுகாப்பைக் கேட்க வேண்டியவர் 112க்குச் செய்த அழைப்பும், காரில் நாய் கிடந்த நிலையைக் காட்டும் வீடியோவும், பக்கத்தில் நின்ற இரண்டு சாட்சிகளும் கையில் வைத்திருப்பது நல்லது. நாயை வதைத்தவருக்கோ, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். பல பத்தாண்டுகளாக மாறாத இந்தத் தொகையை உயர்த்தியே ஆக வேண்டும்.

வெளியே எடுத்தபின் பலரும் செய்யும் தவறு, நாயைத் தூக்கிக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுவது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி, கையில் கிடைத்ததால் விசிறுங்கள். காருக்குள் இல்லாமல்போன ஓடும் காற்றை நாம் திருப்பிக் கொடுக்கிறோம். ஈரத்துண்டைப் போர்த்தி மூடினால் அதுவே வெப்பத்தை அடைத்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகத்தின் பழுதும் இரத்த உறைவின் கோளாறும் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளிப்படும். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சை அழைக்க 1962. இந்த எண்ணையும் 112ஐயும் இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.